மருந்தாளுநர் கடையில் இருக்கிறார்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். மன்றத்துக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு மன்றம் என்பது அதன் முழுப்பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களுக்கு அங்கே பதவி உயர்வு நிச்சயம் என்று ஒரு பேச்சு உண்டு. நமக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. மன்றம் என்றே வைத்துக்கொள்வோம்.

கோபத்துக்குக் காரணம் இது. படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர் ஒருவர் உள்ளே இல்லாமல் மருந்துக்கடை திறக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் வந்த மறுநாளே அதைத் தாண்டும் வழியும் வந்துவிட்டது. மருந்தாளுநர் தன் சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஏதாவது ஒரு கடைக்கு வாடகைக்குக் கொடுத்துவிடுவார். சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கும், அவர் வேறெங்கோ நாற்காலி மேசை விற்றுக்கொண்டிருப்பார். மருந்தை எடுத்துக் கொடுப்பது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர். இந்தக் கூத்தை மன்றம் இருபது வருஷம் பொறுத்துப் பார்த்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஒரு கருவியை வாங்கியது.

சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஆள் வந்து கடை மேசையில் திருகாணி போட்டு இறுக்கிவிட்டுப் போவார். கடை நேரம் முழுக்க மணிக்கு ஒரு முறை அது அடிக்கும். அடித்த இரண்டு நிமிடத்துக்குள் மருந்தாளுநர் தன் வலது கட்டைவிரலை அதன் மேல் வைக்க வேண்டும். பதிவின்போது மன்றத்தில் மை தொட்டு வைத்த ரேகையோடு அது ஒத்துப்பார்க்கும். பொருந்தினால், "மருந்தாளுநர் கடையில் இருக்கிறார். நன்றி" என்று ஒரு பெண் குரல் தேனாகச் சொல்லும். பொருந்தாவிட்டால், "மருந்தாளுநர் கடையில் இல்லை. வாடிக்கையாளர்கள் ஏமாற வேண்டாம்" என்று அதே பெண் கொஞ்சம் சத்தம் கூட்டிச் சொல்லும். மாதத்தில் முப்பது 'இல்லை' விழுந்தால் பதிவை ரத்து செய்ய விசாரணை.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல யோசனை. சான்றிதழைத் தொங்கவிட்டு ஊர் சுற்றுகிறவனுக்கு இது வேண்டியதுதான் என்று மருந்தக்காவே முதல் நாள் சொன்னாள்.

மருந்தக்கா என்பது தெரு வைத்த பெயர். பேருந்து நிலையத்துக்கும் பிரசவ மருத்துவமனைக்கும் நடுவே இருக்கும் ஒற்றைக் கதவு மருந்துக்கடை அவளுடையது. பத்தொன்பது வருஷமாகக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறாள். சான்றிதழ் அவளுடையது, கடை அவளுடையது, நிற்பதும் அவளே. டாக்டரின் கிறுக்கல் புரியாமல் செவிலியர்களே சில நேரம் அவளிடம் வந்து கேட்டுப் போவார்கள். நாடு முழுக்க இப்படிக் கடையில் நிற்கும் மருந்தாளுநர்கள் எத்தனை பேர் என்று மன்றத்துக்குத் தெரியாது. அவர்களில் ஒருத்தி.

கருவியை மாட்ட வந்த மெக்கானிக், "கட்டைவிரலை வைங்கக்கா" என்றான். வைத்தாள்.

"மருந்தாளுநர் கடையில் இல்லை."

"அழுத்தி வைங்க." அழுத்தினாள். இல்லை. "தொடைச்சிட்டு வைங்க." இல்லை. "ஊதிட்டு வைங்க." ஊதி வைத்தாள், ஈரத்துணியில் ஒற்றி வைத்தாள், சாய்த்து வைத்தாள், நேராக வைத்தாள். ஒன்பதாவது தடவையும் இல்லை என்றதும் அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"பார்மசிஸ்ட் நீங்கதானாக்கா?"

"நான்தான் தம்பி."

"உங்க விரல் அப்படிச் சொல்லலையே."

விரல் பாவம், அது என்ன செய்யும். பத்தொன்பது வருஷமாக நாளுக்கு முந்நூறு மாத்திரை அட்டையைக் கத்தரித்து, அளவு குறைத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு அட்டையிலிருந்து மாத்திரையைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தரம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரேகை என்று ஒன்று இருந்த இடம் மழுங்கிப்போயிருந்தது. வேலை செய்த விரல். அதுதான் குற்றமாகிவிட்டது.

முதல் வாரம் தெருவே சிரித்தது. "என்னக்கா, நீங்க இல்லையாமே" என்று கேட்டுக்கொண்டே மருந்து வாங்கிப்போனார்கள். அவளும் சிரித்தாள். இரண்டாம் வாரம் சிரிப்பு குறைந்தது. நாளுக்குப் பன்னிரண்டு தடவை ஒரு பெண் குரல் ஏமாற வேண்டாம், ஏமாற வேண்டாம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? புதிதாக வந்தவர்கள் மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "படிச்சவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார்கள். பழகியவர்கள் கேட்கவில்லை. ஆனால் மாத்திரையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார்கள்.

மருந்தக்கா விரலைக் காப்பாற்றத் தொடங்கினாள். ராத்திரி களிம்பு தடவிக் கட்டுப் போட்டாள். அட்டை கிழிப்பதை இடது கைக்கு மாற்றினாள். சில நாள், காலையில் முதல் மணிக்கு, கருவி இளகி "இருக்கிறார்" என்றுவிடும். அந்த ஒன்றுதான் அவளைக் கெடுத்தது. சுத்தமாக நம்பிக்கை இல்லையென்றால் விட்டுத்தொலைக்கலாம். பத்துக்கு ஒன்று பொருந்தும்போது எதை விடுவது? அடுத்த மணிக்கும் பொருந்தலாமே என்று கடையை விட்டு நகராமல் நின்றாள். மணியடிக்கும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போனாள். அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே போய், மணமக்கள் மேடைக்கு வருவதற்குள் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டாள். "வாசலோட திரும்பிப் போறதுக்கு வராமலே இருந்திருக்கலாம்" என்று அக்கா போனில் சொன்னாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

மன்றத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். கட்டைவிரல் தொடர்பான புகார்களுக்கு மூன்றை அழுத்தவும் என்றது. அழுத்தினாள். புகார் அளிப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் என்பதை உறுதிசெய்ய, தங்கள் கருவியில் கட்டைவிரலை வைக்கவும் என்றது.

இருபத்தாறாம் நாள் ஆய்வாளர் வந்தார். கையில் ஒரு பலகை, அதில் கிளிப் போட்ட படிவம்.

"மருந்தாளுநர் எங்கம்மா?"

"நான்தான் சார்."

அவர் கருவியைக் காட்டினார். "இல்லைன்னு பதிவாயிருக்கே."

"அது அப்படித்தான் சொல்லுது. நான் உங்க முன்னாடி நிக்கிறேனே."

"நிக்கிறீங்க, இல்லைன்னு யார் சொன்னது? நிக்கிறது யாருங்கறதுதான் கேள்வி."

மருந்தக்கா சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டினாள். அதில் அவள் புகைப்படம் இருந்தது. ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு ஒல்லியா இருக்கே" என்றார்.

பிறகு நின்றபடியே எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார், அந்த அளவுக்கு நல்ல மனிதர். 'ஆய்வின்போது மருந்தாளுநர் கடையில் இல்லை. அங்கிருந்த நடுத்தர வயதுப் பெண்மணி முழு ஒத்துழைப்பு நல்கினார்.' கீழே சாட்சி என்ற இடத்தைத் தொட்டு, "இங்க ஒரு கையெழுத்து" என்றார்.

"நான் இல்லைங்கறதுக்கு நானே சாட்சியா சார்?"

"கடையில வேற யாரும் இல்லையேம்மா."

கையெழுத்துப் போடாவிட்டால் ஒத்துழைப்பு நல்கவில்லை என்று எழுத வேண்டிவரும் என்றார். போட்டாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, போகாமல் நின்று நெஞ்சைத் தடவினார். மூன்று நாளாக நெஞ்செரிச்சல், என்ன போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டார். மருந்தக்கா வழக்கம்போல, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். முட்டிவலிக்கு ஒன்று, காலையில் வெறும் வயிற்றில். "அதுதான் சார் எரிக்குது. சாப்பிட்ட பிறகு போடுங்க, வேற எதுவும் வேணாம். அஞ்சு நாளைக்கு மேல அதைத் தொடராதீங்க, டாக்டரைப் பாருங்க" என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதை எனக்கு ஒருத்தரும் சொல்லலை பாருங்க" என்று மனதாரச் சொன்னார். அப்புறம் பேனாவை மறுபடியும் திறந்தார். 'மேலும், மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் இக்கடையில் மருந்து ஆலோசனை வழங்கப்படுகிறது.'

"தப்பா நினைக்காதீங்கம்மா, கடமை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒழுங்குமுறைப் பிரிவு அடித்தால் மேம்பாட்டுப் பிரிவு அணைக்கும், அதுதான் மன்றத்தின் அழகு. மறு வாரம் மேம்பாட்டுப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. 'இல்லாமை மிகுந்த மருந்தாளுநர்களுக்கான ஒருநாள் மேம்பாட்டுப் பயிலரங்கம். கலந்துகொள்வது கட்டாயம்.' கடையைப் பூட்டிக்கொண்டு போனாள். பூட்டிய கடைக்குள் கருவி மணிக்கொரு தரம் அடித்து, ஆளில்லாத கடைக்கு ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அது உண்மை பேசியது.

அரங்கத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மருந்தக்கா உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் தன் கட்டைவிரலைக் காட்டினார். மழுக்கை. அவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் காட்டினாள். மழுக்கை. நாற்பது பேரும் வருஷக்கணக்கில் கடையில் நிற்பவர்கள்.

"சான்றிதழை வாடகைக்கு விட்டவன் பூரா தப்பிச்சிட்டான் தெரியுமா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "அவன் விரல் ஒரு மாத்திரையைத் தொட்டிருந்தாத்தானே தேயும்? புதுசா இருக்கு. அதை ரப்பர்ல ஒரு அச்சு வார்த்துக் கடைக்காரன் கையில கொடுத்துட்டான். மணியடிச்சா ஆணியில மாட்டியிருக்கிற விரலை எடுத்து வைக்கிறாங்க. ஒரு நாள்கூட இல்லைன்னு சொன்னதில்லையாம்."

மேம்பாட்டுப் பிரிவு இயக்குநர் மேடையேறினார். நல்ல குரல், நல்ல சட்டை. "நண்பர்களே, போன வருஷம் வரைக்கும் ஒரு மருந்தாளுநர் கடையில இருக்காரான்னு தெரிஞ்சுக்கணும்னா நாம என்ன செஞ்சோம்? கடைக்குப் போய்ப் பார்த்தோம். எவ்வளவு பிற்போக்கான முறை பாருங்க. இன்னைக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கிறதே இல்லை. நான் ஒரு மருந்துக்கடைக்குள்ள கால் வெச்சு பதினாலு வருஷம் ஆகுது. இதைத்தான் நான் மேம்பாடுன்னு சொல்றேன்." கைதட்டலுக்கு இடம் விட்டார். மேடையில் இருந்தவர்கள் தட்டினார்கள். "ஆரம்பத்துல இந்த மன்றத்துக்கு ஒரு மாடிதான் இருந்தது. இன்னைக்கு அஞ்சு மாடி. தொழில் வளரலைன்னு யாராவது சொல்ல முடியுமா? நாளைக்கு மருந்தாளுநர்களே இல்லாத ஒரு காலம் வரலாம். வரட்டும். அன்னைக்கும் மருந்தாளுநர் மன்றம் இருக்கும்னு நான் உங்களுக்கு உறுதி கொடுக்கிறேன்."

மதியத்துக்கு மேல் ஒன்றரை மணி நேரம், கட்டைவிரலை எந்தக் கோணத்தில் வைப்பது என்று படம் போட்டுக் காட்டினார்கள். முடிந்து வெளியே வரும்போது வாசலில் வருகைப்பதிவு. கருவிதான். நாற்பது பேரும் வரிசையில் நின்று விரல் வைத்தார்கள். நாற்பது பேரும் வரவில்லை என்று பதிவானது.

நான்கு நாள் கழித்து மன்றத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'மேற்படி நாளில் தாங்கள் கடையிலும் இல்லை, பயிலரங்கிலும் இல்லை. எங்கிருந்தீர்கள் என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' கூடவே, பதிவு ரத்து விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

மருந்தக்காவின் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "கடையிலயும் இல்ல, அங்கயும் இல்ல. அன்னைக்கு எங்கதான் போனே? எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லு" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி அழுதாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. இதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. பதிவு போச்சுன்னா நான் யாரு?"

வாத்தியார் அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்கார வைத்தார். களிம்பு டப்பாவை எடுத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து, நெடுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். "மனுஷங்க சொன்னாக் கேட்பாங்க. தெருவுல கையெழுத்து வாங்குவோம். மருந்தக்கா கடையிலதான் இருக்காங்கன்னு இருநூறு பேர் போட மாட்டாங்களா?" என்றார்.

பள்ளி விட்டதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். அறுபத்திரண்டு பேர் போட்டார்கள். மற்றவர்கள் தயங்கினார்கள். "அக்கா நல்லவங்கதான் சார். ஆனா அந்த மிஷின் தினம் சொல்லுதே. கவர்மென்ட் மிஷின் பொய் சொல்லுமா? நாளைக்கு எங்களுக்கு ஏதாவது வந்துட்டா?" இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தாள் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

விசாரணை, மன்றக் கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் நடந்தது. உள்ளே போகவும் விரல் வைக்க வேண்டியிருந்தது, பொருந்தவில்லை. பார்வையாளர் அட்டை கொடுத்து அனுப்பினார்கள். நீள மேசைக்குப் பின்னால் மன்றத் தலைவர். அவர் பக்கத்தில் பதிவாளர், கோப்புகளோடு.

பதிவாளர் எழுந்து, "பதிவு எண் நாலாயிரத்து நூத்திப் பதினேழு வந்திருக்காங்களா?" என்றார்.

"வந்திருக்கேன் சார்."

பதிவாளர் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "பதிவுதாரர் வரலை. அவங்க சார்பா ஒரு பார்வையாளர் வந்திருக்காங்க."

"பேசட்டும். நாம யார் வாயையும் அடைக்கிற மன்றம் இல்லை" என்றார் தலைவர்.

மருந்தக்கா பேசினாள். விரல் தேய்ந்த கதையைச் சொன்னாள். மேசைக்கு அருகே போய் விரலையே நீட்டிக் காட்டினாள். தலைவர் அனுதாபத்தோடு பார்த்தார். அறுபத்திரண்டு கையெழுத்தைக் கொடுத்தாள். பதிவாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இவங்கள்ல யாராவது மருந்தாளுநரா?" என்றார். இல்லை, வாடிக்கையாளர்கள். "அப்ப ஒரு மருந்தாளுநர் இருக்காரா இல்லையான்னு சான்று சொல்ல இவங்களுக்குத் தகுதி இல்லையே."

"சார், நான் பரீட்சை எழுதறேன். எந்த மருந்தை வேணா கேளுங்க. எவ்வளவு அளவு, எதோட சேரக் கூடாது, குழந்தைக்கு எவ்வளவு, எல்லாம் இங்கயே சொல்றேன்."

தலைவர் சிரித்தார். "மருந்தைப் பத்தித் தெரியறது வேறம்மா, மருந்தாளுநரா இருக்கிறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்த மன்றமே."

"பதிவு அன்னைக்கு வெச்ச ரேகை உங்ககிட்ட இருக்கே. அதை வெச்சு எனக்கும் ஒரு ரப்பர் விரல் வார்த்துக் கொடுங்களேன்." இதைக் கேட்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"கொடுக்கலாம். திட்டமே இருக்கு" என்றார் பதிவாளர். "தேய்மானப் பாதுகாப்பு விரல்னு பேரு. ஆனா ரேகை சரியாப் பொருந்தறவங்களுக்கு மட்டும்தான். பொருந்தாத ஒருத்தருக்குப் பொருந்தற விரலைக் கொடுத்தா அது மோசடி."

தலைவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். எழுந்தால் உரைதான். "அம்மா, உங்க சிரமம் எனக்குப் புரியுது. ஆனா இதே கருவியிலதான், போன வருஷம் முதல்ல மாட்டின கடையில, ஒருத்தர் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கார். ஒரு மணிகூடத் தவறலை. ஞாயித்துக்கிழமையும் இருந்தார், வெள்ளம் வந்து ஊரே மூழ்கின அன்னைக்கும் இருந்தார். இந்த வருஷத்தோட முன்மாதிரி மருந்தாளுநர் அவர். அவரால முடிஞ்சது உங்களால ஏன் முடியலை? இதை மட்டும் உங்க மனசாட்சியைக் கேளுங்க."

அவர் கை காட்டிய சுவரில் மாலை போட்ட பெரிய புகைப்படம் இருந்தது. பதிவு எண் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு. வாய் பாதி திறந்தபடி ஓர் இளைஞன்.

மருந்தக்கா பார்த்தாள். கொட்டாவி.

கொட்டாவி அவளோடு படித்தவன். கடைசி பெஞ்சு. நான்கு வருஷமும் கொட்டாவி விட்டே பட்டம் வாங்கியதால் வந்த பெயர். பதிவு செய்த அன்று வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவன், அதனால்தான் அடுத்தடுத்த எண். அன்று சாயங்காலமே சான்றிதழை ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டுச் சோபா வியாபாரத்துக்குப் போனான். நல்ல மனசுக்காரன், அதில் குறை சொல்ல முடியாது.

"சார், இவன் செத்துப்போயிட்டான்."

பதிவாளர் புகைப்படத்தைப் பார்த்தார்.

"போன வருஷமே மாரடைப்புல செத்துப்போயிட்டான் சார். நான் போய் மலர்வளையம் வெச்சுட்டு வந்தேன். அவன் பொண்டாட்டியைக் கட்டிப்பிடிச்சு அழுதேன்."

தலைவர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் கோப்பைப் புரட்டினார், அவசரமில்லாமல். "இறப்பை மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியது பதிவுதாரரோட பொறுப்பு. படிவம் பதினேழு. நேர்ல வந்து கட்டைவிரல் வைக்கணும். அவர் இன்னும் வைக்கலை. நேத்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் கடையிலதான் இருந்திருக்கார்."

"செத்தவன் எப்படி சார் வந்து விரல் வைப்பான்?"

"வைக்கலைங்கறதுதானேம்மா நாங்களும் சொல்றோம்" என்றார் தலைவர் பொறுமையாக. "ஒருத்தர் உயிரோட இருக்காரா இல்லையாங்கறது அவரோட குடும்ப விஷயம். கடையில இருக்காராங்கறது மட்டும்தான் எங்க அதிகாரம். இன்னொரு விஷயமும் சொல்லணும். தான் கடையில இல்லாம, இருக்கிற ஒருத்தரை இல்லைன்னு சொல்றது தொழில் பொறாமை. அதையும் குறிப்புல ஏத்துங்க."

தீர்ப்பைப் பதிவாளர் வாசித்தார். பதிவு எண் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு, தொடர்ந்து இல்லாமையால், ரத்து. கடையை மூடினால் பொதுமக்கள் சிரமப்படுவார்கள் என்பதால், மேம்பாட்டுப் பிரிவின் பகிர்வுத் திட்டப்படி, முன்மாதிரி மருந்தாளுநரின் சேவை அக்கடைக்கும் நீட்டிக்கப்படுகிறது. தற்போது கடையில் நிற்கும் பெண்மணி, விரும்பினால், அவருக்குக் கீழே உதவியாளராகத் தொடரலாம். உதவியாளர் மருந்தை எடுத்துக் கொடுக்கலாம். அதைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

"விரும்பலைன்னா?" என்று கேட்டாள்.

"கடைக்கு சீல்" என்றார் பதிவாளர்.

வெளியே வரும்போது மேம்பாட்டுப் பிரிவில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பஞ்சுக்கு நடுவே ரப்பரில் ஒரு கட்டைவிரல். ரேகை ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. கூடவே கண்ணாடி போட்ட கொட்டாவியின் சான்றிதழ் நகல்.

வாத்தியார் கடையைப் பூட்டிவிடலாம் என்றார். "என் சம்பளத்துல ஓடாதா?" என்றார். ஓடும், அது அவளுக்கும் தெரியும். இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கால் தானாகக் கடைக்கு நடந்துவிட்டது. தன் சான்றிதழைக் கழற்றி, துணி சுற்றி, பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். அதே ஆணியில் கொட்டாவியை மாட்டினாள். மணி அடித்தது. ரப்பர் விரலை எடுத்து வைத்தாள்.

"மருந்தாளுநர் கடையில் இருக்கிறார். நன்றி."

அன்றைக்குப் பன்னிரண்டு தடவையும் இருந்தார். மறுநாளும் இருந்தார். கூட்டம் திரும்பி வர ஆரம்பித்தது. மருந்தக்கா சீட்டை வாங்கினாள், எடுத்துக் கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று யாராவது கேட்டால், அட்டையில் போட்டிருக்கும் என்றாள். இப்படிச் சொல்லிச் சொல்லி ராத்திரி வீட்டுக்குப் போனால் தொண்டை வலித்தது.

அந்த வாரக் கடைசியில் பஸ் டிரைவர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். வாத்தியார் கையெழுத்துக் கேட்டுப் போனபோது யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு சீட்டை மேசையில் வைத்தார். ஒன்று இதய டாக்டர் எழுதியது, இன்னொன்று முந்தாநாள் தலைசுற்றலுக்குப் போய்ப் பார்த்த வேறொரு டாக்டர் எழுதியது.

மருந்தக்கா படித்தாள். இரண்டு சீட்டிலும் வேறு வேறு பெயரில் பிரஷர் மாத்திரை. கம்பெனி வேறு, பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றேதான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். படிக்கட்டில் விழலாம், சாலையில் விழலாம்.

"ரெண்டையும் போடாதீங்கண்ணே. ரெண்டும் ஒரே மருந்து" என்றாள். நாக்கு கேட்கவில்லை, வந்துவிட்டது.

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "பேரு வேற வேறயா இருக்கேம்மா. ரெண்டு பெரிய டாக்டருங்க எழுதியிருக்காங்க. நீ எடுத்துக் குடு, போதும்."

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க—"

"கடையில படிச்சவர் இருக்காருன்னு மிஷின் சொல்லித்தான் வந்தேன். அவர் சொல்லட்டும், கேக்கறேன். நீ சொல்லி நான் டாக்டர் எழுதினதை விடவா?"

மருந்தக்கா இரண்டு சீட்டையும் கையில் எடுத்தாள். பிறகு, "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனாள். ஓர் ஆள் நிற்கத்தான் இடம், சுற்றிலும் மருந்துப் பெட்டிகள். பெட்டிகளைப் பார்த்தபடி, ஒருவர் யோசித்துப் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஐயா பார்த்துட்டாரு. ரெண்டும் ஒண்ணுதானாம். இதை மட்டும் போடணுமாம், காலையில ஒரு வேளை. நாளைக்கே ரெண்டு சீட்டையும் இதய டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாரு. படுக்கையில இருந்து சட்டுனு எழுந்திரிக்க வேணாம்னாரு."

டிரைவர் முகம் தெளிந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு மாத்திரை அட்டையை மட்டும் வாங்கிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார். கண்ணில் லேசாக நீர் கட்டியிருந்தது.

"உசுரைக் காப்பாத்தியிருக்காரும்மா. பத்தொன்பது வருஷமா இந்தக் கடைக்கு வர்றேன். இப்படி ஒருத்தர் ஆரம்பத்துல இருந்தே இங்க இருந்திருக்கலாம்" என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, உள் அறைப் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு ஐயாகிட்ட மறக்காம சொல்லிடும்மா."

"சொல்றேண்ணே" என்றாள்.